பேய் வேட்டை நிகழ்ச்சியை ஏமாறாமல் பார்ப்பது எப்படி

பேய் உண்டா இல்லையா என்கிற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அதில் யாரும் யாரையும் வாதாடி ஜெயித்து நான் பார்த்ததில்லை. இது, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 'கோஸ்ட் ஹன்டர்ஸ்', 'கோஸ்ட் அட்வெஞ்சர்ஸ்', 'மோஸ்ட் ஹான்டட்' என்று எதையாவது போட்டுக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு. நீங்கள் நம்பிப் பார்க்கிறவராக இருக்கலாம், கிண்டலடிக்கவே பார்க்கிறவராக இருக்கலாம், நடுராத்திரியில் பாத்ரூம் போகும்போது மட்டும் நம்புகிறவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்: பேய் இல்லாத இடத்தில் இதையே செய்தால் இதே மாதிரி நடக்காதா?

நான் பார்த்தவரை நிகழ்ச்சிக்காரர்கள் இதைச் செய்துகாட்டுவதே இல்லை. நூறு வருஷப் பழைய சிறையில் விடிய விடியக் கிடப்பார்கள், ஆனால் அதே கருவிகளோடு, அதே இருட்டில், போன வருஷம் கட்டிய அபார்ட்மென்ட்டில் ஒரு ராத்திரி இருந்து பார்க்க மாட்டார்கள். அதனால் அந்த வேலையை நாம்தான் செய்தாக வேண்டும், பெரும்பாலும் வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்தே செய்துவிடலாம்.

முதலில் கே-டூ மீட்டர். டிவி ரிமோட் அளவில் இருக்கும், மேலே பச்சையில் ஆரம்பித்து சிவப்பில் முடிகிற ஐந்து விளக்குகள். தமிழ் யூடியூபில் பாழடைந்த பங்களாவுக்குள் போகிறவர்கள் கையிலும் இப்போது இதுதான். வீட்டு வயரிங்கிலும் மின்சாதனங்களிலும் இருந்து வருகிற மின்காந்தப் புலத்தைக் காட்டுகிற கருவி இது, பேய்க்கும் அந்தப் புலத்துக்கும் என்ன உறவு என்று இதுவரை யாரும் அளந்து காட்டியதில்லை. படப்பிடிப்புக் குழுவில் ஆளாளுக்கு இடுப்பில் வயர்லெஸ் மைக், சட்டைப்பையில் போன், கையில் வாக்கி-டாக்கி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு "இங்கே யாராவது இருந்தால் விளக்கை எரிய விடு" என்று கேட்டால் எரியத்தான் செய்யும். வீட்டிலேயே இதற்கு ஒத்திகை பார்க்கலாம். போனில் காந்தப்புலம் காட்டுகிற இலவச ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அதன் அளவீடு கே-டூ மாதிரியே இருக்காது, ஆனால் பாடம் ஒன்றுதான். நம் ஊர்ப் பக்கம் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா இருக்கும். போனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக நடந்து பாருங்கள், இரும்பு பீரோ பக்கம் போனதும் எண் தாவும், ஸ்பீக்கர் பக்கம் தலைதெறிக்க ஓடும், வெறும் சுவர் என்று நினைத்த இடத்தில்கூட உள்ளே கம்பி இருந்தால் ஏறி இறங்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று, அணைத்துவிட்டு ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அதே எண்கள் வேறு மாதிரி 'தோன்றுவதை' கவனியுங்கள். அதைத்தான் அந்த நிகழ்ச்சிகள் விற்கின்றன.

அடுத்தது குரல் பதிவு. இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1959-இல் ஸ்வீடனில் ஃபிரெட்ரிக் யூர்கென்சன் என்பவர் பறவைச் சத்தத்தைப் பதிவு செய்துவிட்டு, ஓடவிட்டுக் கேட்டபோது மனிதக் குரல் கேட்டதாகச் சொன்னார், அதிலிருந்து கிளம்பியதுதான் இன்றைக்கு எல்லா நிகழ்ச்சியிலும் ஒலிப்பதிவுக் கருவியை மேஜையில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிற வழக்கம். இங்கே நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம்: கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திரையில் "கெட் அவுட்" என்று எழுத்து வருவதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் வெறும் கரகரப்புதான் காதில் விழும். எழுத்தைப் பார்த்தபிறகு அது கணீரென்று "கெட் அவுட்" ஆகிவிடும், அதற்குமேல் பழையபடி கரகரப்பாகக் கேட்க நீங்கள் தலைகீழாக நின்றாலும் முடியாது. இன்னும் முறையாகச் செய்ய ஆசை என்றால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கதை எதுவும் சொல்லாமல், வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போட்டுக்காட்டி, கேட்டதைத் தனித்தனிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதுவதை இன்னொருவர் பார்க்கக் கூடாது, அதுதான் முக்கியம். சீட்டுகள் எல்லாம் ஒன்றாக இருந்தால் அந்தத் துண்டில் உண்மையிலேயே ஏதோ வார்த்தை இருக்கிறது, யார் பேசினார்கள் என்று தேடலாம். ஒருவர் 'கதவு' என்றும் ஒருவர் 'கருவாடு' என்றும் எழுதியிருந்தால் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்பிரிட் பாக்ஸ் இதன் தம்பி. 2002-இல் ஃபிராங்க் சம்ப்ஷன் என்ற அமெரிக்கர் செய்த பெட்டியில் இருந்து வந்தது, ரேடியோ அலைவரிசைகளை நிற்காமல் தாண்டிக்கொண்டே போகும், இடையில் சிக்குகிற பாட்டு, விளம்பரம், செய்தித் துணுக்குகள்தான் 'பதில்'. இதில் கொஞ்சம் புத்திசாலித்தனமான வகை ஒன்று உண்டு, 2016-இல் கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் ஊரின் ஸ்டான்லி ஹோட்டலில் உருவானது. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஹெட்போனில் பெட்டியைக் கேட்டுக்கொண்டே காதில் விழுகிற சொல்லை வாய்விட்டுச் சொல்வார், வெளியே இன்னொருவர் கேட்கிற கேள்வி அவருக்குக் கேட்காது. பார்க்கும்போது அசந்துபோவீர்கள், ஏனென்றால் பதில்கள் பொருந்துகிற மாதிரியே இருக்கும். ஒரு காகிதம் எடுத்து, கேள்விகளை இடப்பக்கம், பதில்களை வலப்பக்கம் எழுதுங்கள். இப்போது பதில்களை மட்டும் கீழிருந்து மேலாகத் திருப்பி எழுதுங்கள். "நீ எப்படி இறந்தாய்?" என்பதற்கு "படிக்கட்டு" வந்தாலும் பொருந்தும், "தண்ணீர்" வந்தாலும் பொருந்தும், "அவன்" வந்தால் உடம்பே சிலிர்க்கும். கலைத்துப் போட்டும் பொருந்துகிற பதில், பதிலே இல்லை.

மிச்சக் கருவிகளைச் சட்டென்று பார்த்துவிடலாம். படத்தில் மிதக்கிற, ஆவி என்று காட்டுகிற ஒளி உருண்டைகள்: இருட்டறையில் பழைய போர்வையை உதறிவிட்டு ஃபிளாஷ் போட்டுப் படமெடுங்கள், எத்தனை ஆவி வேண்டுமானாலும் கிடைக்கும், ஃபிளாஷை அணைத்து எடுத்தால் எல்லாம் மோட்சம் போயிருக்கும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷ் இருப்பதால் முன்னால் மிதக்கிற தூசி ஒளியைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவுதான். ஆவி வந்ததற்கு அடையாளம் என்கிற 'திடீர்க் குளிர்': அவர்கள் நீட்டுகிற வெப்பமானி கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டினார்களே, அதே வகை. எதிரே இருக்கிற பரப்பின் சூட்டை அளக்குமே தவிர, நடுவில் இருக்கிற காற்றை அளக்காது. குச்சி மனிதன் தெரிகிற கேமரா: 2010-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் விட்ட கினெக்ட். அறையில் எங்கே ஆள் நிற்கிறார் என்று தேடிப் பிடிப்பதற்காகவே செய்தது, அதனால் நாற்காலியில் மாட்டிய சட்டைக்கும் சில சமயம் கையும் காலும் வரைந்துவிடும்.

கருவிகளை விட மோசமானது எடிட்டிங். ஒரு ராத்திரி முழுக்க எடுத்ததை முக்கால் மணி நேரமாக நறுக்குகிறார்கள், அதாவது ஒன்றுமே நடக்காத மணிக்கணக்கான நேரம் நம் கண்ணுக்கு வருவதே இல்லை. "அதைக் கேட்டாயா?" என்று ஒருவர் அலறும்போது கேமரா எங்கே இருக்கிறது பாருங்கள், அனேகமாக அலறியவர் முகத்தில்தான் இருக்கும், சத்தம் வந்த பக்கம் இருக்காது. நியாயமாகச் சொன்னால், 2004-இல் தொடங்கிய 'கோஸ்ட் ஹன்டர்ஸ்' இந்த விஷயத்தில் மற்றவர்களை விடக் கொஞ்சம் தேவலை. அதை நடத்திய இருவருக்கும் பிழைப்பே பிளம்பிங் என்பதால், சுவருக்குள் தட்டுகிற சத்தம் குழாய் என்று அவர்களே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதுவே ஒரு கொக்கி. 'இவர்களே பாதியை ஒதுக்கித் தள்ளுகிறார்களே, மீதி உண்மையாகத்தான் இருக்கும்' என்று நாம் தளர்ந்துவிடுகிறோம்.

ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிற மீடியம் என்று ஒருவர் வருகிற நிகழ்ச்சியானால் வேறொரு வழி இருக்கிறது, இதை நாம் செய்ய முடியாது, ஆனால் ஒருவர் செய்தார். இங்கிலாந்தின் 'மோஸ்ட் ஹான்டட்' 2002-இல் தொடங்கியது, அதில் டெரெக் அகோரா என்ற மீடியம் போகிற இடமெல்லாம் செத்தவர்கள் பெயரைச் சொல்வார், சில சமயம் அவர்களாகவே மாறி உறுமுவார். அதே நிகழ்ச்சியில் உளவியலாளராக இருந்த கியரன் ஓ'கீஃபுக்குச் சந்தேகம். கார்ன்வாலில் பாட்மின் சிறையில் படப்பிடிப்பு. 'கிரீட் கேஃபர்' என்று ஒரு தென்னாப்பிரிக்கச் சிறைக்காவலரைத் தன் கற்பனையில் உருவாக்கி, அந்தப் பெயர் அகோராவின் காதுக்குப் போகும்படி பார்த்துக்கொண்டார். கேமரா ஓடியதும் கிரீட் கேஃபர் அகோராவின் உடம்பில் இறங்கிவிட்டார். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் 'டெரெக் ஃபேக்கர்', அதாவது டெரெக் பித்தலாட்டக்காரர். இன்னொரு இடத்தில் ரிக் ஈடில்ஸ் என்று ஒரு வழிப்பறிக்காரன், கலைத்தால் 'டெரெக் லைஸ்', டெரெக் புளுகுகிறார். 2005-இல் ஓ'கீஃப் இதைப் பத்திரிகையில் போட்டு உடைத்தார், அகோரா தான் ஏமாற்றவில்லை என்று மறுத்தார். அந்த வருஷமே பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், புகார்களை விசாரித்துவிட்டு, இது ஆய்வு நிகழ்ச்சி இல்லை, பொழுதுபோக்கு, அதனால் விதிமீறல் இல்லை என்று தள்ளுபடி செய்தது. தப்பிக்கவைத்த காரணமே மானத்தை வாங்கிவிட்டது. ஆகவே, நிகழ்ச்சியின் ஆரம்பத்திலோ கடைசியிலோ 'பொழுதுபோக்குக்காக மட்டும்' என்று ஒரு வரி ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் அதை அவர்கள் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, திரையை விட்டுவிடுவோம். உங்கள் அத்தையோ சித்தப்பாவோ "என் கண்ணால் பார்த்தேன்" என்றால்? அங்கே இந்தக் கிண்டலை எல்லாம் எடுக்காதீர்கள். நிகழ்ச்சி வேறு, அனுபவம் வேறு. ராத்திரி நெஞ்சின்மேல் ஏதோ ஏறி உட்கார்ந்தது, கத்த வாய் வரவில்லை, கை கால் அசையவில்லை என்கிறவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் அமுக்குவான் என்று அதற்குப் பெயரே இருக்கிறது, மருத்துவத்தில் உறக்க முடக்கம், மூளை விழித்த பிறகும் உடம்பு தூக்கத்தின் பிடியிலேயே இருக்கிற சில நொடிகள். எப்போது, எந்தப் பக்கம் படுத்திருந்தீர்கள், முந்தின நாள் தூங்கினீர்களா என்று விசாரியுங்கள். நிறையப் பேருக்கு மல்லாந்து படுக்கும்போதும் தூக்கம் கெட்ட நாட்களிலும்தான் வருகிறது.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, காலடிச் சத்தம், யாரோ நிற்கிற உணர்வு என்றால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் எழுதினார். பழைய வீட்டுக்குக் குடிபோனதில் இருந்து உருவங்கள், சத்தங்கள், குழந்தைகளுக்குச் சோர்வு, செடிகள் வாடுவது. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு பழுதாகி கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்துகொண்டிருந்தது. நம்மிடம் அந்த அடுப்பு இல்லை, ஆனால் ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கிறது, மந்திரவாதிக்கு முன்னால் அதைப் பார்க்க ஆள் கூப்பிடுங்கள்.

இங்கே சந்தேகப் பேர்வழிகளுக்கும் ஒரு குட்டு. விக் டாண்டி என்ற ஆங்கிலேயர் தன் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கடைக்கண்ணில் பார்த்து, கடைசியில் புதிதாக மாட்டிய மின்விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று 1998-இல் எழுதினார். அருமையான கதை, நம் ஆட்கள் பேய் என்றதும் உடனே "19 ஹெர்ட்ஸ்" என்று எடுத்து வீசுவார்கள். அந்த 'இல்லாத இடத்திலும் நடக்குமா' கேள்வியை இதனிடமும் கேட்க வேண்டாமா? லண்டனில் உளவியலாளர் கிறிஸ் ஃபிரெஞ்சின் குழு கேட்டது. ஒரு வெற்று அறையில் காதுக்கு எட்டாத ஒலி, மின்காந்தப் புலம் இரண்டையும் சில சமயம் இயக்கி, சில சமயம் அணைத்து, ஆட்களை உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள், 2009-இல் முடிவு வந்தது. பலருக்கு விசித்திரமான உணர்வுகள் வந்தன, ஆனால் கருவி ஓடியதற்கும் ஓடாததற்கும் அதில் சம்பந்தமே இல்லை. உள்ளே ஏதோ நடக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்திருக்கலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு நேரில் ஒரு இடத்துக்குப் போயே தீருவேன் என்றால் போங்கள், ஆனால் இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு. முதலில் பகலில் ஒருமுறை போய், எந்தக் கதவு காற்றில் அடிக்கிறது, எந்தப் பலகை முனகுகிறது, எங்கே வௌவால் இருக்கிறது என்று குறித்துவையுங்கள். கூட வருகிற ஒருவருக்காவது அந்த இடத்தின் கதையைச் சொல்லாமல் கூட்டிப்போங்கள். அவரவர் பார்த்ததை, கேட்டதை நேரத்தோடு தனியாக எழுதட்டும், வெளியே வந்து டீக்கடையில் பேச ஆரம்பித்தால் எல்லார் ஞாபகமும் ஒரே ஞாபகமாகிவிடும், அதற்கு முன்னாலேயே சீட்டை வாங்கிவிடுங்கள். போன்கள் அணைந்திருக்கட்டும், ஒன்றை மட்டும் அவசரத்துக்கு வையுங்கள். அப்புறம் ஷூ போட்டுப் போங்கள், பாழடைந்த கட்டடத்தில் பாம்பு கட்டாயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கால் வைக்க வேண்டும், மூடி இல்லாத கிணறு எங்கே என்று பகலிலேயே பார்த்துவைத்திருக்க வேண்டும்.