புதுமாதிரி சைக்கிளை மலைநாட்டில் சோதித்து வாங்குவது எப்படி?

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். இப்போது இலங்கை மலைநாட்டிலுள்ள கொட்டகலையில் சைக்கிள் திருத்துகிறேன். 2022இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்று களைத்துப்போன பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். அதோடு புதுமாதிரி சைக்கிள்களின் படங்களும் கையடக்கத் தொலைபேசிகளில் வரத் தொடங்கின: செயின் இல்லாதது, சக்கரத்துக்கு நடுவே ஒன்றுமே இல்லாதது, காற்றடிக்கத் தேவையில்லாதது, படுத்துக்கொண்டே ஓட்டுவது. "அண்ணே, இதை எடுக்கலாமா?" என்று பையன்கள் கேட்கிறார்கள். அனுபவம் உள்ள சைக்கிள்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களுடைய சந்தேகம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் உதட்டைப் பிதுக்கினால் மட்டும் போதாது, சோதித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இந்த மாற்றம் எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது? அந்தத் தொல்லை உங்களுக்கு இருக்கிறதா என்று பிறகு யோசியுங்கள். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் அடிப்படை, 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்'. உயரம் குறைந்த இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தை இழுக்கும் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன் பிறகு கியர் வந்தது, நல்ல பிரேக் வந்தது, அலுமினிய ரிம் வந்தது. எல்லாமே அதே சட்டத்தில் (ஃபிரேமில்) ஒவ்வொரு பாகமாக ஏறியவை. மலைச் சைக்கிளும் அப்படித்தான் பிறந்தது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலையிலிருந்து இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போனது. அவர்கள் சைக்கிளையே புதிதாகக் கண்டுபிடிக்கப் புறப்படவில்லை, பிரேக்கை மாற்றினார்கள், கியரைச் சேர்த்தார்கள். ஆகவே ஒரு பாகம் மாறியிருந்தால் காதுகொடுத்துக் கேளுங்கள். எல்லாமே மாறியிருந்தால் பணத்தை வெளியே எடுக்கும் முன் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யுங்கள்.

ஏற்றச் சோதனைக்கு ஒரு வெண்கட்டியும் அளவு நாடாவும் போதும். மிகவும் இலகுவான கியரில் போடுங்கள். ஒரு பெடலை நேர் கீழே வைத்து, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். இப்போது சைக்கிளைப் பின்னோக்கி உருட்டுங்கள். முன்னோக்கி உருட்டினால் பெடல் சும்மா நிற்கும், பின்னோக்கி உருட்டினால்தான் கூடவே சுற்றும். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு போட்டு, இடைவெளியை அளந்து பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள பழைய 28 அங்குலச் சைக்கிளில் அது 5 மீட்டருக்கு மேல் வரும். அதனால்தான் லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. 2 மீட்டரை ஒட்டி வந்தால் மூட்டையோடும் ஏறலாம். 3 மீட்டரைத் தாண்டினால், படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம் ரோட்டுக்கு அது உதவாது. கடற்கரை நகரங்களுக்காகச் செய்த புதுமாதிரிகள் பலவற்றுக்கு ஒரே ஒரு கியர்தான் இருக்கும். விளம்பரம் அதைச் சொல்லாது, வெண்கட்டிக் கோடு சொல்லிவிடும்.

செயின் இல்லாத சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேட்கிறவர்கள் அதிகம். செயினுக்குப் பதில் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் கூம்பு வடிவப் பற்சக்கரங்கள். இது புதிதே அல்ல. அமெரிக்காவில் 1890களிலேயே 'கொலம்பியா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. செயினில் உங்கள் மிதியைப் பல பற்கள் பங்குபோட்டுத் தாங்கும். தண்டில் ஓரிரு சிறிய பற்கள்தான் தாங்க வேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது சட்டம் நெளியும், பல்லோடு பல் சரியாகப் பொருந்தாது. அதைத் தடுக்கக் கனமான கூடு வேண்டும், கனம் கூடினால் ஏற்றத்தில் உங்கள் மூச்சுதான் போகும். எண்ணெய் போட்ட சுத்தமான செயின் உங்கள் பலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் பிடிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்படி ஒரு சைக்கிளை ஒருவர் என் கடைக்குக் கொண்டுவந்தார். பின்டயரில் ஆணி குத்தியிருந்தது. சக்கரத்தைக் கழற்ற முதலில் பற்சக்கரக் கூட்டைத் திறக்க வேண்டும், அதற்குரிய திறப்புக் கருவி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு ஓரத்தை மட்டும் நெம்பி, டியூப்பைப் பக்கவாட்டில் இழுத்து, ஒட்டுப்போட்டு அனுப்பினேன். பங்சருக்கு அந்த வழி உண்டு. டயரே கிழிந்திருந்தால் என்ன செய்வது? ஆகவே வாங்கும் முன் பின்சக்கரத்தை உங்கள் கண்முன்னே கழற்றி மாட்டச் சொல்லுங்கள். சாதாரண ஸ்பேனரால் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இறக்கச் சோதனையை மட்டும் ஒருபோதும் தவிர்க்காதீர்கள். ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு பிரேக் இருக்க வேண்டும். இரண்டு ரிம்மிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் றம்பொடை வளைவுகளில் எதிரே பஸ் வரும்போது அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. டிஸ்க் பிரேக் நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். கேபிளில் இயங்குவதாக இருந்தால் சிறிய ஊரிலும் திருத்தலாம். பெடலைப் பின்னால் மிதிக்கும் பிரேக்கை மட்டும் நம்பி எந்த மலையிலும் இறங்க வேண்டாம்.

படுத்து ஓட்டும் சைக்கிளுக்கு நியாயம் செய்ய வேண்டும். 1933இல் பிரெஞ்சு சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்தார். மறுவருடமே சர்வதேசச் சைக்கிள் சங்கம் அதைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. காற்றைக் கிழித்துச் சமதரையில் பறப்பதில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, தேயிலைச் செடி மறைக்கும் வளைவில் லொறிக்காரரின் கண்ணுக்கும் படாது. நடுவில் ஒன்றுமில்லாத சக்கரத்தில், சக்கரத்தைச் சுழல விடும் பெயரிங் ரிம் அளவுக்குப் பெரிதாகிறது, சேறும் மணலும் போக அத்தனை இடம். காற்றில்லாத டயர் பங்சர் ஆகாது, ஆனால் குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு கல்லும் முதுகுக்கு வந்து சேரும். டன்லப் தீர்த்துவைத்த தொல்லை அதுதான்.

கடைசியாக, பணம் கொடுப்பதற்கு முன்னால் டயர், டியூப், பிரேக் கட்டை, பெயரிங் ஆகியவற்றின் அளவுகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இரண்டு கடைகளில் கேளுங்கள். இருக்கிறது என்றால் எடுங்கள். இல்லையென்றால் ஒரு டயர், இரண்டு டியூப், ஒரு சோடி பிரேக் கட்டை, அந்தச் சைக்கிளுக்கு மட்டுமே உரிய திறப்புக் கருவி ஆகியவற்றையும் சேர்த்து விலை பேசுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.