மகதீராவ முழுசா ரசிக்கணும்னா எப்படிப் பார்க்கணும்

ராஜமௌலி எடுத்த தெலுங்குப் படம் மகதீரான்னு சொன்ன உடனே எல்லாருக்கும் அந்த நூறு பேர் சண்டைதான் ஞாபகம் வரும். யூடியூப்ல அத மட்டும் பார்த்துட்டு படமே பார்த்தாச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்கள நெனச்சா எனக்கு வருத்தமாதான் இருக்கும், ஏன்னா அந்தப் படத்துல விழுற ஒவ்வொரு அடியும் ஒரு பொண்ணோட கையப் பிடிக்கிறதுக்காக விழுற அடி. அத தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா படமே வேற மாதிரி இருக்கும். இதுவரைக்கும் பார்க்காதவங்களுக்கும், எப்பவோ டிவில பாதியில இருந்து பார்த்தவங்களுக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். கதைய கொஞ்சம் பேசித்தான் ஆகணும், துளிகூட தெரியாம பார்க்கணும்னு நினைக்கிறவங்க படத்தப் பார்த்துட்டு வந்து படிங்க.

முதல்ல எந்த மொழியில பார்க்குறதுன்னு முடிவு பண்ணுங்க. தெலுங்குல 2009 ஜூலை 31 ரிலீஸ், நம்ம ஊருக்கு 2011ல மாவீரன்ங்கிற பேர்ல டப் ஆகி வந்துச்சு. வீட்ல சின்னப் பசங்க, பெரியவங்க எல்லாரும் சேர்ந்து பார்க்குறீங்கன்னா தமிழ்லயே போடுங்க, ஒன்னும் குறையாது. தனியா பார்க்குறீங்கன்னா தெலுங்குலயே சப்டைட்டிலோட பாருங்கன்னுதான் சொல்லுவேன், முக்கியமா ஸ்ரீஹரி குரலுக்காக. அந்த நூறு பேர அனுப்புற எதிரி ஷேர் கானா வந்து அவர் பேசுற ஒவ்வொரு வரியிலயும் ஒரு கம்பீரம் இருக்கும், அந்தக் குரல் அவர் முகத்துல இருந்தே வரும்போது அதோட வெயிட்டே தனி. மனுஷன் 2013ல போயிட்டாரு, இந்தப் படம் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எவ்வளவோ பண்ணியிருப்பாரேன்னு தோணும்.

அடுத்தது ஆரம்பம், இதுல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா இருங்க. டைட்டில் போகட்டும், டீ போட்டுட்டு வர்றேன்னு எழுந்து போயிடாதீங்க. படம் 1609ல ஆரம்பிக்குது, உதயகட் ராஜ்யம், மலை உச்சி, இளவரசி மித்ரவிந்தா விழுறா, அவள காப்பாத்த காலபைரவா பின்னாடியே குதிக்கிறான், விழுந்துட்டே கைய நீட்டுறான், எட்டல. அவ்வளவுதான், அங்கிருந்து நேரா நானூறு வருஷம் தாண்டி ஹைதராபாத் வந்துடும். அந்த எட்டாத கைய மனசுல வெச்சுக்கோங்க, மொத்தப் படமும் அதுலதான் நிக்குது. கதை எழுதுனது ராஜமௌலியோட அப்பா விஜயேந்திர பிரசாத், முடிவத் தூக்கி முன்னாடி வெச்சுட்டு அதுக்கப்புறம் நம்மள காக்க வைக்கிறது எவ்வளவு தைரியமான வேலைன்னு ரெண்டாவது தடவ பார்க்கும்போதுதான் புரியும்.

இப்போ முதல் பாதி. நிறைய பேர் இங்கதான் ஃபார்வர்ட் பண்ணுவாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஹர்ஷான்னு ஒருத்தன், காலபைரவாவோட மறுபிறவி, ரெண்டு பேரும் ராம் சரண்தான், பைக் ஸ்டண்ட் பண்றவன், மழையில ஆட்டோல போறான், வெளிய இந்துன்னு ஒரு பொண்ணு, அவதான் மித்ரவிந்தாவோட மறுபிறவி, ஆட்டோவ நிறுத்தப் பார்க்குறா, விரலும் விரலும் ஒரு செகண்ட் உரசுது, அவனுக்கு கரண்ட் ஷாக் அடிச்ச மாதிரி என்னென்னவோ தெரியுது. மேலோட்டமா பார்த்தா இது ஹீரோ ஹீரோயின பார்க்குற சீன், ஆனா ஆரம்பத்துல எட்டாம போன கைய ஞாபகம் வெச்சிருக்கிற நமக்கு நானூறு வருஷமா பாக்கி இருந்த ஒன்னு அந்த நொடியில நடந்துடுச்சுன்னு தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. அதுக்கப்புறம் அவ யாருன்னு தெரியாம அவகிட்டயே போயி அந்தப் பொண்ணத் தெரியுமான்னு விசாரிப்பான், அவளும் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிட்டு அவன அலைய விடுவா. காஜல் அகர்வால் இந்த இடத்துல எல்லாம் அவ்வளவு குறும்பா, அவ்வளவு அழகா பண்ணியிருப்பாங்க, நான் எத்தன தடவ பார்த்தாலும் சிரிச்சுக்கிட்டேதான் பார்ப்பேன். இந்த விளையாட்ட நீங்க ரசிச்சாதான் பின்னாடி அந்த ராஜா காலத்துல மித்ரவிந்தா அவன்கிட்ட ஒரு வார்த்தைக்காக ஏங்குறப்போ நெஞ்சு வலிக்கும், ரெண்டும் ஒரே பொண்ணு, ஒன்னு விளையாடுது ஒன்னு கெஞ்சுது.

வில்லன் பக்கமும் கைய கவனிங்க. ரகுவீர் இந்துவ தொடப் போகும்போது அவனுக்கும் காட்சி வரும், ஆனா அவனுக்கு வர்றது கத்தி. தொட்டா ஒருத்தனுக்கு காதல் ஞாபகம் வருது, இன்னொருத்தனுக்கு சாவு பயம் வருது. இத வசனத்துல சொல்லி விளக்காம காட்சியிலயே வெச்சிருக்காங்க பாருங்க, அதுக்காகவே ராஜமௌலிக்கு ஒரு கும்பிடு.

பாட்டு வரும்போது வால்யூம் ஏத்துங்க, முடிஞ்சா நல்ல ஹெட்ஃபோன் இல்ல ஸ்பீக்கர்ல கேளுங்க. மியூசிக் போட்ட கீரவாணி நமக்கு புதுசு இல்ல, மரகதமணின்னு நம்ம ஊர்ல எல்லாரும் கொண்டாடுன அதே ஆள்தான். தீரா தீரா பாட்டுக்கு டான்ஸ் அமைச்சதுக்கு நம்ம சிவசங்கர் மாஸ்டருக்கு தேசிய விருது கிடைச்சுது, மன்மத ராசாவுக்கு ஆட வெச்ச அதே மாஸ்டர், அங்க அந்த வேகம், இங்க ஒரு இளவரசி மெதுவா ஒரு வீரன சுத்தி வர்ற நளினம், ரெண்டும் ஒரே ஆளோட மூளையில இருந்து வந்துருக்குன்னா நம்பவே முடியல. 2021 கடைசியில கொரோனால அவரும் போயிட்டாரு. அந்தப் பாட்டுல பைரவா முகத்தப் பாருங்க, ஆசை இருக்கு, ஆனா கட்டுப்பாடு அதவிட பெருசா இருக்கு, அவன் கை அவளோட கைய நோக்கி தானா போகாது.

இன்னொரு பாட்டு பங்காரு கோடிபெட்டா. 1992ல சிரஞ்சீவி ஆடுன கரானா மொகுடு பாட்டத்தான் திரும்ப எடுத்திருக்காங்க, அப்பவும் மியூசிக் கீரவாணிதான், இங்க மகன் ராம் சரண் ஆடும்போது அப்பாவே கொஞ்ச நேரம் வந்து நிப்பாரு. தியேட்டர்ல ரீரிலீஸ் எங்கயாவது போட்டா இந்த ஒரு இடத்துக்காகவே போலாம், தெலுங்கு ஜனங்க கூட உட்கார்ந்து பார்த்தா அந்த சத்தத்துல பாட்டே கேக்காது, அதுவும் ஒரு சந்தோஷம்தான். படத்துக்கு முன்னாடி அந்த ஒரிஜினல் பாட்ட ஒரு தடவ பார்த்துட்டு வந்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும். கரானா மொகுடு கதைதான் தமிழ்ல ரஜினி விஜயசாந்தி நடிச்ச மன்னன், அதனால நமக்கும் அந்தக் குடும்பம் கொஞ்சம் தெரிஞ்ச குடும்பம்தான்.

ஹெலிகாப்டர்ல இருந்து ஹர்ஷா தண்ணியில விழுந்ததும் ஃபிளாஷ்பேக் ஆரம்பிக்கும். இங்கிருந்து போன தூரமா வெச்சுடுங்க, லைட்ட அணைச்சுடுங்க. குதிரைப் பந்தயம் வரும், ஜெயிக்கிறவனுக்குத்தான் மித்ரவிந்தா, தோத்தவன் நாட்ட விட்டே போகணும். புதைமணல்ல மாட்டுன பைரவாவ அவன் குதிரை பாட்ஷா இழுத்துக் காப்பாத்துற சீன்ல எனக்கு இப்பவும் கை தட்டத் தோணும். ஆனா பந்தயம் முடிஞ்சதும் எழுந்துடாதீங்க, உண்மையான அடி அதுக்கப்புறம்தான் விழுது. பைரவாவோட வம்சத்துல ஆம்பளைங்க முப்பது வயசத் தாண்ட மாட்டாங்க, போர்லயே போயிடுவாங்க, அதனால ராஜாவே அவன்கிட்ட வந்து என் பொண்ண வேணாம்னு சொல்லிடுன்னு கேப்பாரு, ஜெயிச்சவன் எல்லார் முன்னாடியும் வேணாம்னு சொல்லிடுவான். சரத்பாபு அந்த இடத்துல ராஜாவாவே இல்ல, பொண்ணப் பெத்த அப்பாவா நிப்பாரு. இத அனுபவிச்சுட்டு அந்த நூறு பேர் சண்டைக்குப் போங்க.

அப்போதான் அந்த சண்டை என்னன்னு தெரியும். ஒவ்வொருத்தனா வேணாம், நூறு பேரையும் ஒன்னா அனுப்புன்னு பைரவா ஷேர் கான்கிட்ட சொல்றது வெறும் பில்டப்பா இருக்காது, வேணாம்னு சொல்லிட்டு வந்தவன் மனசுல இருக்குறதெல்லாம் அந்த வார்த்தையிலதான் வெளிய வருது. குறுகலான பாதை, பின்னாடி சாமி சிலை, பக்கத்துல மித்ரவிந்தா. அவ கேக்குறது ஒன்னே ஒன்னுதான், ஒரு தடவ வாய் திறந்து சொல்லிடுன்னு. சண்டைய எண்ணிக்கிட்டே பார்க்காதீங்க, நடுநடுவுல அவ முகத்தப் பாருங்க. ஷேர் கான் முகத்தையும் பாருங்க, எதிரியா வந்தவன் கொஞ்சம் கொஞ்சமா ரசிகனா மாறி கடைசியில கலங்கிப் போய் நிக்குறான், அவன்தான் அடுத்த ஜென்மத்துல சாலமனா வந்து கூட நிக்குறவன். இந்தப் படத்துக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்க்கும் தேசிய விருது வந்துச்சு, இன்னைக்கு பெரிய ஸ்க்ரீன்ல பார்த்தா சில ஷாட் பழசா தெரியலாம், ஆனா செந்தில்குமார் கேமராவுல அந்த உச்சியோட உயரமும் ஆழமும் இப்பவும் வயித்தக் கலக்கும்.

ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுற படம், ராத்திரி லேட்டா ஆரம்பிச்சு தூக்கத்துல முடிக்காதீங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு உட்காருங்க. இடைவேளை விடணும்னா தண்ணியில விழுறதுக்கு முன்னாடி விட்டுருங்க, ஃபிளாஷ்பேக்க மட்டும் வெட்டாம ஒரே மூச்சா பார்க்கணும். புதுசா யாருக்காவது போட்டுக் காட்டுறீங்கன்னா சாலமன் யாருன்னு முன்னாடியே சொல்லிடாதீங்க. ஏற்கெனவே பார்த்தவங்களா இருந்தா கிளைமாக்ஸ்ல அதே மலை உச்சியில, பைரவகோனாவுல, ஹர்ஷா நீட்டுற கைய மட்டும் பார்க்கச் சொல்லுங்க.