ஃபிரான்சிஸ் பர்னியை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஜேன் ஆஸ்டினுக்கு முந்தைய ஆங்கில நாவலாசிரியைகளைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஃபிரான்சிஸ் பர்னி (1752–1840). எடுத்த எடுப்பில் அவருடைய பெரிய நாவல்களில் இறங்கினால் மலைப்பாக இருக்கும். இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: 'எவலினா'வை எடுங்கள். 1778-இல் வந்த முதல் நாவல். பழைய நூல்களை இணையத்தில் தரும் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பதினைந்தாவது பிறந்தநாளன்று, அதுவரை எழுதியதையெல்லாம் பர்னி தீயில் போட்டார். எரிந்தவற்றில் எவலினாவின் தாயைப் பற்றிய கதையும் ஒன்று. ஆனாலும் மகளின் கதை அவர் மனதுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. அப்பாவின் இசை வரலாற்று நூலுக்குப் படியெடுத்துக் கொடுத்தவர் என்பதால், அச்சகத்தார் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்ற பயம். அதனால் கையெழுத்தை மாற்றிப் படியெடுத்து, பெயர் போடாமல் வெளியிட்டார். கிடைத்தது 20 கினி (அக்கால இங்கிலாந்தின் தங்க நாணயம்).

படி 2: ஒரு தாளில் கதாநாயகி எவலினாவைச் சுற்றியுள்ளவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வளர்த்த பாதிரியார் வில்லர்ஸ், பாட்டி மேடம் டுவால், மகளை ஏற்காத தந்தை பெல்மாண்ட். முழு நாவலும் கடிதங்கள்தான். தொடக்கத்தில் பெரியவர்களே எழுதிக்கொள்வார்கள். எவலினாவின் குரல் எட்டாவது கடிதத்தில்தான் கேட்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

படி 3: 11-வது கடிதத்தை இரண்டு முறை படியுங்கள். லண்டனில் அவளுக்கு முதல் நடன விருந்து. ஆட அழைத்தவரை மறுத்த பெண், அன்று வேறொருவருடன் ஆடக்கூடாது என்பது அந்தச் சமூகத்தின் விதி. அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் ஆட அழைத்த லவலை மறுத்துவிட்டு ஆர்வில் பிரபுவுடன் ஆடுகிறாள். லவல் வந்து விளக்கம் கேட்க, அடக்கமாட்டாமல் சிரித்துவிடுகிறாள். சொல்லாத விதியை வைத்துப் பெண்ணைக் குற்றவாளியாக்கும் உலகத்தை ஒரே இரவில் காட்டிவிடுகிறார் பர்னி. எனக்கு நாவலிலேயே மிகப் பிடித்த இடம் இது.

படி 4: அடுத்து நாட்குறிப்புகளும் கடிதங்களும். இங்கிலாந்தின் சார்லட் அரசியின் உடை அலங்காரப் பணியில் 1786 முதல் 1791 வரை பட்ட பாடு அதில் இருக்கிறது. 1811-இல் பாரிஸில் மயக்க மருந்தில்லாமல் தனக்கு நடந்த மார்பக அறுவைச் சிகிச்சையைப் பற்றி அக்கா எஸ்தருக்கு எழுதிய கடிதத்தை மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். கத்தி பட்ட ஒவ்வொரு கணத்தையும் எழுதியிருக்கிறார்.

படி 5: 'செசிலியா' (1782) கடைசியில். ஐந்து தொகுதிகள். செசிலியாவை மணப்பவன் அவளுடைய குடும்பப் பெயரை ஏற்றால்தான் சொத்து அவளிடம் நிற்கும் என்ற உயில் நிபந்தனையையும், ஹாரல், பிரிக்ஸ், டெல்வில் என்ற மூன்று காப்பாளர்களையும் முதலிலேயே குறித்து வைத்தால் மீதிக் கதை குழப்பாது.