ஸ்கீயின் விளிம்பில் துரு ஏறாமல் காப்பது: சுவிற்சர்லாந்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

பிள்ளை ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புக்கு வந்ததும், ஸ்கீலாகர் எனப்படும் ஒரு வாரப் பனிச்சறுக்கு முகாம் பற்றிய கடிதம் பாடசாலையிலிருந்து உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு ஸ்கீயை, அதாவது காலில் பூட்டும் சறுக்குப் பலகைகளை, விலை கொடுத்து வாங்காமல், விளையாட்டுப் பொருள் கடையில் பருவகால வாடகைக்கு எடுப்பதே என் பார்வையில் புத்திசாலித்தனம். அடுத்த ஆண்டு அதே நீளம் போதாது. வளர்ச்சி நின்றவர்களும், புரோக்கி எனப்படும் பழைய பொருள் கடையில் நல்ல சோடி ஒன்றைக் கண்டு வாங்கியவர்களும் தொடர்ந்து படிக்கலாம். வாடகை ஸ்கீயும் உங்கள் வீட்டில் பல மாதங்கள் இருக்கப் போவதால், அதை உலர்த்தும் கடமை மற்றவர்களுக்கும் உண்டு.

ஸ்கீயின் அடிப்பரப்பு பொலிஎதிலீன் என்ற நெகிழியால் ஆனது. அதன் இரு பக்கங்களிலும் சுமார் 2 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் உருக்குக் கீற்று பதிக்கப்பட்டிருக்கும். மரத்தாலான ஸ்கீக்கு இந்த உருக்கு விளிம்பை 1920களில் கண்டுபிடித்தவர் ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க்கைச் சேர்ந்த ருடோல்ஃப் லெட்னர். இறுகிய பனியில் வழுக்காமல் திரும்புவதும் நிற்பதும் இந்த விளிம்பின் கூர்மையால்தான். அது சமையலறைக் கரண்டிகளைப் போன்ற துருப்பிடிக்காத உருக்கு அல்ல; கடினப்படுத்தி, அரத்தால் மீண்டும் மீண்டும் தீட்டத்தக்க கரிம உருக்கு. ஊரில் மண்வெட்டியையும் தேங்காய் துருவும் திருவலையையும் கழுவிய கையோடு துடைத்து வைத்த அதே காரணம் இங்கும் பொருந்தும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஓர் இரவிலேயே செம்மஞ்சள் படலம் தெரியத் தொடங்கும்.

மலையில் கழியும் பகலில் துருவைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆபத்து வீடு திரும்பும் வழியில் தொடங்குகிறது. வாகனத்தின் கூரையில் மூடாமல் கட்டிய ஸ்கீயின் மீது, வீதியில் தூவப்பட்ட உப்பு கலந்த சேற்றுநீர் தெறிக்கிறது. உப்பு, துருப்பிடிக்கும் வேகத்தைப் பல மடங்கு கூட்டிவிடும். தொடருந்தில் வருபவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை, ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஸ்கீயை நைலோன் பையில் போட்டு மூடிவிடுகிறார்கள். பைக்குள் பனி உருகுகிறது, நீர் வெளியேற வழியில்லை. முதல் ஆண்டில் நானும் இதைத்தான் செய்தேன். இரண்டு ஸ்கீக்களையும் அடியோடு அடி சேர்த்துப் பட்டியால் இறுக்கி, ஈரப் பையோடு நிலவறையில் சாய்த்துவிட்டு, மறு மார்கழியில் திறந்தபோது நான்கு விளிம்புகளும் பழைய ஆணியின் நிறத்தில் இருந்தன.

ஆகவே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வீட்டுக்கு வந்தவுடன் பையைத் திறந்துவிடுங்கள். உப்புச் சேறு பட்டிருந்தால் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் நுனியிலிருந்து வால் நோக்கி ஒவ்வொரு விளிம்பையும் துடையுங்கள். கூரான விளிம்பு விரலை வெட்டும் என்பதால் துணியைத் தடிப்பாக மடித்துப் பிடிப்பது நல்லது. பட்டியைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே சுவரில் சாய்த்து, இரவு முழுவதும் அறை வெப்பத்தில் விடுங்கள். வெப்பமூட்டியின் மேல் வைக்க வேண்டாம்; கடும் சூடு பசையால் ஒட்டிய அடுக்குகளுக்கு ஆகாது. பையையும் உள்புறம் வெளியே தெரியத் திருப்பி உலர்த்த வேண்டும்.

வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். இங்கு பல அடுக்குமாடிக் கட்டடங்களில் கெல்லர் எனப்படும் நிலவறை, உண்மையில் தடித்த கொங்கிரீட் சுவர்களால் ஆன பாதுகாப்புப் பதுங்கறைதான். பங்கர் என்ற சொல் நம்மில் பலருக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும்; சுவிஸ் மக்களோ அதற்குள் மரச்சட்டங்களால் தடுப்பு அமைத்து, வைன் போத்தல்களையும் ஸ்கீக்களையும் அடுக்கி வைக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த இடம் என்பதால், ஸ்கீயை வெறுந்தரையில் நிறுத்தாமல் ஒரு மரப்பலகையின் மேல், சுவரில் படாதபடி வையுங்கள். உடுப்புகள் தொங்கும் பொதுச் சலவை அறை எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

துரு ஏறிவிட்டால், முதலில் அதன் ஆழத்தைப் பாருங்கள். மேலோட்டமான செம்மஞ்சள் படலம், கடைகளில் கிடைக்கும் தேய்ப்பு இறப்பரால் மெல்லத் தேய்த்தாலே போய்விடும். அதற்கும் அசையாத புள்ளிகளுக்கு நுண்ணிய வைரக்கல்லை ஈரப்படுத்தி, விளிம்பின் கோணத்தை மாற்றாமல் நீளவாக்கில் ஓட்டுங்கள். அடிப்பரப்பில் கல் படாமல் கவனமாக இருங்கள். அரத்தை வீட்டில் எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்க விளிம்பு பொதுவாக 87 முதல் 89 பாகை வரையான கோணத்தில் தீட்டப்பட்டிருக்கும். அதற்குரிய வழிகாட்டிச் சட்டம் இல்லாமல் கைக்கணக்கில் இழுத்தால் கோணம் கெடுவதோடு, இருக்கும் 2 மில்லிமீற்றரிலும் வீணாகக் குறையும். கருமையாகக் குழி விழுந்த துருவைக் கடையிலுள்ள இயந்திரமே சீர்செய்ய வேண்டும். புரோக்கியில் வாங்கும்போதே அத்தகைய குழிகளும், உடலிலிருந்து விலகி நிற்கும் விளிம்பும் தென்பட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பருவம் முடிந்து ஸ்கீயை எடுத்து வைக்கும் நாள்தான் ஆண்டின் முக்கியமான பராமரிப்பு நாள். தேங்காயெண்ணெய் பூசலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எண்ணம் சரிதான், ஆனால் எண்ணெய் அடிப்பரப்பில் பரவினால் பின்னர் மெழுகு சரியாகப் பிடிக்காது. அடியைப் பேணுவது, விளிம்பைத் துருவிலிருந்து காப்பது ஆகிய இரண்டு வேலையையும் மெழுகே செய்யும். அடியைத் துடைத்து நன்றாக உலர்த்திய பின், ஃபுளோரின் கலக்காத பொது மெழுகை ஸ்கீக்குரிய மின்னழுத்தியால் உருக்கிச் சொட்டவிட்டு, விளிம்புகளையும் மூடும்படி தடிப்பாகப் பரப்புங்கள். இத்தகைய மெழுகுகளில் பலவற்றுக்கு 120 முதல் 140 பாகை செல்சியஸ் வரை போதும்; உறையில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். புகை எழுந்தால் சூடு அதிகம் என்று பொருள். அழுத்தியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள், யன்னலையும் திறந்து வையுங்கள். உடுப்பு அழுத்தும் பெட்டியின் வெப்பம் ஏறி இறங்குவதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. அதன்பின் வெள்ளைச் சட்டையில் அதை வைக்கவும் முடியாது. இந்த மெழுகைச் சுரண்டாமல் கோடை முழுவதும் அப்படியே விட வேண்டும். விளிம்பைக் காற்றிலிருந்து மறைத்து வைத்திருப்பது அந்தப் படலம்தான்.

சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டில் எண்ணெயோ கரைப்பானோ இடாதீர்கள், அதன் திருகாணியையும் நீங்களே திருப்பாதீர்கள். விழும்போது அது எந்த விசையில் சப்பாத்தை விடுவிக்க வேண்டும் என்பது உடல் எடை, உயரம், வயது, சப்பாத்தின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தவறினால் முறிவது கால். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு கடையில் கொடுத்துச் சரிபார்க்குமாறு விபத்துத் தடுப்பு நிறுவனமான பிஎஃப்யு அறிவுறுத்துகிறது. ஒக்டோபரில் கொடுத்தால் அவசரமின்றிச் செய்து தருவார்கள், விளிம்பையும் அப்போதே தீட்டிக்கொள்ளலாம். மார்கழி விடுமுறைக்கு முந்தைய வாரம் போனால் வரிசையில் நிற்க நேரிடும்.