மடியும் ஃபின்களோடு கரையிலிருந்து கடலில் இறங்குதல்: படிப்படியாகச் சோதித்துப் பார்க்கும் முறை

படகிலிருந்து முக்குளிப்பவருக்கு ஃபின் (நீந்துவதற்காகக் காலில் அணியும், நீண்ட தகடுள்ள துடுப்பு) மாட்டுவது ஒரு பெரிய வேலையே அல்ல. படகின் விளிம்பில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு அப்படியே நீரில் இறங்கிவிடலாம். கரையிலிருந்து இறங்குபவருக்கோ பல நேரங்களில் அதுதான் மிகக் கடினமான நிமிடமாக அமைகிறது. காற்று நிரப்பிய 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் மட்டுமே ஏறத்தாழ 16 முதல் 17 கிலோ இருக்கும். மூழ்க உதவும் எடைப் பட்டை, காற்றேற்றி மிதப்பைச் சரிசெய்யும் மிதவை அங்கி, சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க வாயில் வைக்கும் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்தால் சுமை 25 கிலோவைத் தாண்டிவிடும். அந்தச் சுமையோடு இடுப்பளவு நீரில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையால் துணைக்கு வந்தவரின் தோளைப் பிடித்து, மறு கையால் குதிகால் வாரை இழுத்து மாட்டும்போதுதான் அடுத்த அலை வந்து சேரும். கரையிலேயே மாட்டிக்கொண்டால், நீண்ட தகடுகள் தடுக்குவதால் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்கும். அப்போது காலடியில் உள்ள குழியும் கல்லும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான லூயி தெ கோர்லியூ ரப்பர் ஃபினுக்குக் காப்புரிமை பெற்றது 1933-இல். அதற்குப் பிறகு தகட்டின் வடிவமும் பொருளும் எத்தனையோ முறை மாறிவிட்டன; ஃபின் அணிந்தவரால் இயல்பாக நடக்க முடியாது என்ற குறை மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மடியும் ஃபின் குறிவைப்பது இந்தக் குறையைத்தான். பாதம் நுழையும் கூட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு கீலும், தகட்டை விரித்த நிலையில் நிறுத்தும் ஒரு பூட்டும் இருக்கும். பூட்டை விடுவித்தால் தகடு மேல்நோக்கி மடிந்து முழங்காலுக்குக் கீழே கணைக்காலை ஒட்டி நிற்கும், காலுக்கு அடியில் செருப்பைப் போன்ற ஓர் அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். பயணப் பெட்டியில் அடங்குவதற்காக மடிக்கப்படும் ஃபின்களும் உண்டு. அவற்றை அணிந்தபடி மடிக்க முடியாது என்றால் அவை இந்த வேலைக்கு உதவா. ஆகவே வாங்குமுன் அல்லது இரவல் பெறுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பூட்டின் மீது எப்போது பாரம் விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் சோதனை பயன் தரும். குப்புற நீந்தும்போது காலைக் கீழ்நோக்கி உதைத்தால், நீர் தகட்டை உள்ளங்கால் பக்கமாகத் தள்ளுகிறது; அது மடியும் திசைக்கு எதிரானது என்பதால் அந்த விசையைக் கீலில் உள்ள தடுப்பே தாங்கிக்கொள்ளும். காலை மேல்நோக்கி இழுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது: நீர் தகட்டைக் கணைக்கால் பக்கமாக, அதாவது மடியும் திசையிலேயே தள்ளுகிறது. தவளையைப் போல் இரு கால்களையும் மடக்கி அகட்டி உதைக்கும் தவளை உதையில் உள்ளங்கால்களால்தான் நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். எனவே அதன் முழு வலிமையும் பூட்டின் மேல்தான் விழுகிறது. சாதாரண உதையில் ஒழுங்காக நிற்கும் ஃபின், தவளை உதையில் திடீரென மடிந்துகொள்ளக்கூடும். அடிமணலைக் கலக்காமல் நீந்துவதற்காகத் தவளை உதையையே பழகியவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

முதல் சோதனை வீட்டுத் தரையிலேயே நடக்கட்டும். கடலில் அணியும் அதே நியோப்ரீன் (நுரை ரப்பர்) பூட்ஸோடு மாட்டிப் பாருங்கள். வெறுங்காலில் சரியாக இருந்த அளவு, 5 மில்லிமீட்டர் பூட்ஸோடு விரல்களை நெருக்கும். கையுறை அணிபவர் கையுறையோடுதான் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகு கண்களை மூடிக்கொண்டு, இரண்டு கால்களிலும் மாறி மாறி இருபது முறை மடித்து விரியுங்கள். தகடு பூட்டில் விழும்போது ஒரு 'டக்' ஒலி கேட்கும், விரலுக்கும் அது தெரியும்; நீருக்கடியில் ஒலியை நம்ப முடியாது என்பதால் அந்தத் தொடு உணர்வைத்தான் மனத்தில் பதிய வைக்க வேண்டும். தகடுகளை மடித்த நிலையில் கால்களைச் சற்று அகட்டி வைத்து நடந்து, படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். குனிந்து குந்தும்போது தகட்டின் நுனி முழங்காலிலோ தொடையிலோ இடிக்கிறதா, கணைக்காலில் கட்டும் கத்தியுறையோடு மோதுகிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது நீச்சல் குளம். முதலில் ஃபினை மட்டும் நீரில் விட்டு, அது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பாருங்கள். கீலும் பூட்டும் சேர்வதால் இவ்வகை ஃபின்கள் பெரும்பாலும் கனமாகவே இருக்கின்றன; கால் பக்கம் எடை கூடினால் உடல் கிடைமட்டமாக நிற்காமல் கால்கள் தாழும், அதற்கேற்ப எடைகளை இடுப்பிலிருந்து சற்று மேலே நகர்த்த வேண்டியிருக்கும். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்குவதால், இந்தச் சமநிலையை, சிலிண்டரின் காற்றழுத்தம் 50 பார் அளவுக்குக் குறைந்திருக்கும்போதும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. பிறகு சாதாரண உதை, தவளை உதை, பின்னோக்கிய உதை ஆகியவற்றை முழு வலிமையோடு செய்து பாருங்கள். உடன் முக்குளிக்கும் துணைவரை நீர்ப்பரப்பில் இழுத்துக்கொண்டு குளத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவது இதில் முக்கியமானது, ஏனென்றால் உண்மையான அவசரத்தில் ஃபினிடம் எதிர்பார்ப்பது அந்த உந்துதலைத்தான். கடைசியாக, மிதந்தபடியே முழங்காலை மடக்கிப் பூட்டை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். வெட்சூட் எனும் நீச்சல் உடையின் இறுக்கத்திலும் மிதவை அங்கியின் பருமனிலும் பலருக்குக் கை எட்டுவதில்லை. அப்படியானால் மற்றக் காலால் தட்டித் திறக்கும் அமைப்புள்ள ஃபினே அவர்களுக்குப் பொருந்தும்.

கடலில் முதல் முறை இறங்குவதற்கு மணல் தரையும் முழங்காலுக்குக் கீழான அலையும் உள்ள இடம் போதும். அலையின் அளவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அலை பொதுவாகத் தன் உயரத்தைப் போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது. அரை மீட்டர் அலை 65 சென்டிமீட்டர் நீரில், அதாவது முழங்காலுக்குச் சற்று மேலே உடையும். அதைத் தாண்டி நடந்து, இடுப்பளவு நீரில் நிதானமாகத் தகடுகளை விரிக்கலாம். ஒரு மீட்டர் அலையோ 1.3 மீட்டர் நீரில் உடைகிறது. நெஞ்சை நெருங்கும் அந்த ஆழத்தில், நடையை விட்டு நீந்த வேண்டிய அதே இடத்தில், நீங்கள் குனிந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே அரை மீட்டருக்கு மேல் அலை இருக்கும் நாளைச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இறங்குமுன் கால் மணி நேரமாவது கடலைப் பார்த்துக்கொண்டிருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய கூட்டம் கடந்த பிறகு வரும் அமைதிதான் உங்களுக்கான நேரம். முகக்கண்ணாடி அணிந்து, ரெகுலேட்டரை வாயில் வைத்து, மிதவை அங்கியில் கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். மடித்த தகடு அலையை நேருக்கு நேர் வாங்கினால் ஒரு முறம் போல நீரை ஏந்திக் காலைப் பின்னுக்கு இழுக்கும். எனவே அலை வரும்போது பக்கவாட்டில் திரும்பி, முழங்கால்களைச் சற்று மடக்கி நின்று, அது கடந்ததும் முன்னே செல்லுங்கள். தகடுகளை ஒரே நேரத்தில் விரிக்காமல் ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொன்றையும் கையால் மேல்நோக்கி ஆட்டிப் பார்த்துப் பூட்டியதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

திரும்பி வருவதில்தான் இவ்வகை ஃபின்கள் நம்மை ஏமாற்றும். சில ஆண்டுகளுக்கு முன் நான் இரவல் வாங்கிச் சென்ற ஒரு ஜோடியில், கரைக்குப் பத்தடி இருக்கும்போது இடது ஃபின் மடிந்தது, வலது ஃபின் அசைய மறுத்தது. பூட்டின் இடுக்கில் அரிசிக் குருணையை ஒத்த இரண்டு மூன்று மணற்பருக்கைகள் புகுந்திருந்தன. நான் குனிந்து அதைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, அலை வடிந்து திரும்பும் நீர் என்னைப் பின்னோக்கி இழுத்து உட்கார வைத்துவிட்டது. ஒரு கால் நடப்பதற்கும் மறு கால் நீந்துவதற்கும் தயாராக இருந்ததால் இரண்டுமே முடியவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ முயன்றபோது, மடித்த தகடு கணைக்காலுக்கும் தரைக்கும் இடையில் மாட்டிக்கொண்டு அதையும் கெடுத்தது. அதை விரித்த பிறகே என்னால் தவழ்ந்து கரையேற முடிந்தது.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் வரிசை இதுதான். அலை உடையும் கோட்டுக்கு வெளியே மிதந்தபடியே, நடந்து ஏறுவதா தவழ்ந்து ஏறுவதா என்பதைத் துணைவரோடு முடிவு செய்துவிடுவேன். தவழ்வதென்றால் தகடுகள் கடைசிவரை விரிந்தே இருக்கும். நடப்பதென்றால், இரண்டு கால்களும் உறுதியான தரையில் பதிந்து, ஓர் அலை என்னைக் கடந்து சென்ற பிறகே முதல் தகட்டை மடிப்பேன். அதற்கு முன் மடித்தால், நீர் பின்னோக்கி இழுக்கும்போது எதிர்த்து நீந்த வழியிருக்காது. முதல் தகடு ஒரே முயற்சியில் மடியவில்லை என்றால் இரண்டாம் முயற்சி கிடையாது. உடனே தவழ்ந்து ஏறுவேன். எப்படி ஏறினாலும், நீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கும் வரை முகக்கண்ணாடியையும் ரெகுலேட்டரையும் கழற்றுவதில்லை.

பாறைக் கரைகளில் இன்னும் கவனம் தேவை. பாசி படிந்த பாறையில் ஃபினின் அடிப்பகுதி பூட்ஸின் அடிப்பகுதியைவிட வழுக்குவதுண்டு. காலை உயர்த்தாமல் தேய்த்துத் தேய்த்து நகர்வதே பாதுகாப்பானது. ஏணியுள்ள இறங்குதுறைகளில் மட்டும் இந்த ஃபின்கள் தயக்கமின்றிப் பாராட்டத் தக்கவை.

வீடு திரும்பியதும் ஃபின்களை நல்ல நீர் நிரப்பிய வாளியில் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே இருபது முப்பது முறை மடித்து விரிக்க வேண்டும். மேலே நீரை ஊற்றிக் கழுவினால் மட்டும் கீலுக்குள் இருக்கும் மணல் வெளியேறாது. துருப்பிடிக்காத எஃகு ஆணிகளும்கூட உப்புநீர் தேங்கும் இடுக்குகளில் அரிக்கப்படும் என்பதால், பூட்டைத் திறந்த நிலையில் நிழலில் உலர்த்துவது அவசியம். பெட்ரோலியம் கலந்த மசகுகள் ரப்பரைக் கெடுக்கும். தயாரிப்பாளர் அனுமதித்தால் சிலிக்கோன் மசகைச் சிறிதளவு தடவலாம். வாளியின் அடியில் படியும் மணலை ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். மூன்றாம் முறை நீர் மாற்றிய பிறகும் அடியில் நறநறப்பு இருந்தால், அந்த ஜோடி அடுத்த முறை என்னோடு கடலுக்கு வருவதில்லை.