‘ஐபி’ என்ற சுருக்கத்தைச் சரியாகப் பொருள்கொள்வது எப்படி?

‘ஐபி’ என்று கண்டவுடன் இணைய முகவரி என முடிவுகட்டிவிடாமல், முதலில் அதை ஒட்டி நிற்பதைப் பாருங்கள். 192.168.1.1 என்பதுபோல் புள்ளிகளால் பிரிந்த நான்கு எண்கள் தொடர்ந்தால், அது இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பிலுள்ள 32 பிட் முகவரி.

இரண்டு இலக்கங்கள் மட்டும் ஒட்டியிருந்தால், அது தூசும் நீரும் புகாமல் கருவியின் உறை தரும் பாதுகாப்பைக் குறிக்கும். ஐபி67 என்பதை அறுபத்தேழு என்று சேர்த்துப் படிப்பது தவறு. 6 என்பது தூசு அறவே புகாது என்பதையும், 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கேடு விளையுமளவு நீர் புகாது என்பதையும் தனித்தனியே சொல்கின்றன. முதல் இலக்கத்துக்குப் பதிலாக ‘எக்ஸ்’ இருந்தால், தூசுக்கான தரம் குறிப்பிடப்படவில்லை என்றே பொருள். தூசு புகும் என்பதல்ல.

ஒப்பந்தங்களில் ‘ஐபி’ என்பது பெரும்பாலும் அறிவுசார் சொத்து, மருத்துவமனையில் உள்நோயாளி. நீங்கள் எழுதும்போது, முதல்முறை வருமிடத்திலேயே முழு விரிவையும் தந்துவிடுங்கள்.