மூலிகைப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ரத்தக் கொதிப்பும் வீக்கமும்

எம்.ஃபார்ம் மாணவர்களும் சித்த மருத்துவ மேற்படிப்பு மாணவர்களும் ஆண்டுதோறும் ஒரு மூலிகையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வருகிறார்கள். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு தலைப்பு, இன்னொருவருக்கு வீக்கம். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் துறைக்கு முன்பு வந்தவர்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் முதலிலிருந்து செய்கிறார்கள்.

தராசைச் சரிபார்க்காதது, எலிகள் போதாதது, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்காதது போன்றவற்றை வழிகாட்டியே முதல் வாரத்தில் சொல்லிவிடுவார். இங்கே எழுதுவது வேறு வகைத் தவறுகளைப் பற்றி. எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோலவே இருக்கும், வரைபடமும் அழகாக வரும். ஆனால் அந்தப் பலன் செடியால் வந்ததாக இருக்காது.

செடி எது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

மூக்கிரட்டையை எடுத்துக்கொள்வோம். வீக்கத்துக்கும் நீர் பிரிவதற்கும் காலங்காலமாகக் கொடுக்கப்படும் வேர். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் ஒரு பொட்டலம் மடித்துத் தருவார்கள். உள்ளே இருப்பது போயர்ஹாவியா டிஃப்யூசாவாக இருக்கலாம். அதே வரப்பில் வளரும் அதன் உறவுச் செடியான போயர்ஹாவியா எரெக்டாவாகவும் இருக்கலாம். சாரணை எனப்படும் ட்ரையாந்திமா போர்ட்டுலகாஸ்ட்ரமாகவும் இருக்கலாம். புனர்னவா என்ற ஒரே வடமொழிப் பெயர் சிவப்பு, வெள்ளை என்ற அடைமொழியோடு மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் வழங்கியதால் இந்தக் குழப்பம் பழையது. சரக்கு கொண்டுவருகிறவர் ஏமாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. அவர் ஊரில் அந்தப் பெயர் அந்தச் செடிக்குத்தான்.

உயிரோடு நிற்கும்போது பிரித்தறிவது எளிது. டிஃப்யூசா தரையோடு படரும். பூ மிகச் சிறியது, இளஞ்சிவப்பு அல்லது செம்ஊதா. காயைத் தொட்டால் விரலில் ஒட்டும், வேட்டி நுனியில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும். எரெக்டா நிமிர்ந்து நிற்கும். அதன் காய் ஒட்டாது, தலைப்பகுதி வெட்டிவிட்டதுபோலத் தட்டையாக இருக்கும். சாரணையின் இலை சதைப்பற்றானது, பூ இலைக்கக்கத்தில் தனியாக ஒட்டி உட்கார்ந்திருக்கும், காய் மூடி திறந்து கறுப்பு விதை கொட்டும். இவ்வளவு வேறுபாடும் வேரை நறுக்கிக் காயவைத்துப் பொடித்த பிறகு போய்விடும். பழுப்புப் பொடி மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பெயர்க் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை பெல்ஜியத்தில் பார்த்தார்கள். சீன மருத்துவத்தில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற வேருக்கு ஹான் ஃபாங் ஜி என்று பெயர். அதிலுள்ள டெட்ராண்ட்ரின், கால்சியம் வழிகளை அடைத்து ரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கும் அழற்சியைத் தணிப்பதற்கும் நிறைய ஆராயப்பட்ட பொருள். அரிஸ்டலோக்கியா ஃபாங்சி என்ற வேறொரு வேருக்கு குவாங் ஃபாங் ஜி என்று பெயர். 1990 முதல் 1992 வரை பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரைகளில் முதலாவதற்குப் பதில் இரண்டாவது போய்ச் சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. 1993இல் விவரம் வெளிவந்தது. சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் பின்னால் தொடர்ந்தது. அரிஸ்டலோக்கிக் அமிலம் செய்த வேலை அது. காகிதத்தில் எழுதியிருந்த பெயர் சரியானது, உள்ளே இருந்த வேர் வேறு.

இதையெல்லாம் படித்துவிட்டும் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. மனம் பொறுக்க முடியாத வழக்கம். வேரை வாங்கி, பொடித்து, சாறெடுத்து, ஒன்றரை ஆண்டு எலிகளில் வேலை செய்து, கட்டுரையை அனுப்புகிறார்கள். மதிப்பாய்வாளர் மூலிகை மாதிரியின் பதிவு எண்ணைக் கேட்கிறார். உடனே கல்லூரி வளாகத்தில் நிற்கும் ஒரு செடியைப் பிடுங்கி, தாவரவியல் துறையில் காட்டி, 'இது போயர்ஹாவியா டிஃப்யூசா' என்று சான்றிதழ் வாங்கி இணைத்துவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழில் பொய் இல்லை. வளாகத்துச் செடி டிஃப்யூசாதான். ஆனால் எலிகள் குடித்தது அந்தச் செடியை அல்ல. அவை குடித்தது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மற்றப் பிழைகளைத் திரும்பச் செய்து சரிக்கட்டலாம், புள்ளியியலை மீண்டும் போடலாம். இதற்கு மட்டும் மாற்று கிடையாது. பலியான எலிகள், செலவழிந்த பணம், அடுத்து அந்தக் கட்டுரையை நம்பி அதே செடியை எடுப்பவரின் இரண்டு ஆண்டு, எல்லாம் போனது போனதுதான்.

முறை கடினமே அல்ல. பூவும் காயும் இருக்கும் பருவத்தில், வேரோடு, நான்கு செடிகளை மாதிரிக்காக எடுங்கள். ஆய்வுக்கான சரக்கையும் அதே நாளில் அதே இடத்தில் சேகரியுங்கள். மாதிரியைச் செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். முதல் சில நாள்களுக்குத் தினமும் தாள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஈரம் தங்கி இலை கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் சுமார் 28 × 42 செ.மீ. தடித்த தாளில் ஒட்டி, ஊர், தேதி, மண், பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர், சேகரித்தவர் பெயர், வரிசை எண் ஆகியவற்றை எழுதுங்கள். பூவின் நிறத்தைச் செடி பச்சையாக இருக்கும்போதே குறிக்க வேண்டும், காய்ந்தால் தெரியாது. கோயம்புத்தூரிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்), திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம், இலங்கையில் என்றால் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தேசிய ஹெர்பேரியம் போன்ற இடத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். அந்த எண் கைக்கு வந்த பிறகுதான் வேர் அரவை இயந்திரத்துக்குள் போக வேண்டும்.

கடைச் சரக்கையே சோதிக்க வேண்டும் என்றால், பொடிக்காத முழு வேராக வாங்குங்கள். அடையாளம் உறுதியான வேரின் சாற்றையும் இதன் சாற்றையும் ஒரே தகட்டில் மெல்லடுக்கு வண்ணப்படிவு செய்து, போயராவினோன் பி போன்ற அடையாளப் பொருளையும் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். எப்படியானாலும் 200 கிராம் சரக்கை மூடி முத்திரையிட்டு எடுத்து வையுங்கள். நாளை சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

கால்வீக்கத்தை அளக்கும் கை

வீக்கத்தை உண்டாக்கும் காரஜீனன் என்ற பொருளை வைத்துச் செய்யும் சோதனை 1962இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 1 சதவீதக் கரைசலில் 0.1 மி.லி. எலியின் பின்னங்கால் பாதத்தில் ஏற்றி, மணிக்கொரு முறை கால் அமிழும் கன அளவைப் பார்ப்பார்கள். கரைசலை அன்று காலையில் அவசரமாகக் கலக்கினால் கட்டிகள் இருக்கும், ஒரு எலிக்குக் கூடவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும். முந்தின நாளே உப்புநீரில் தூவி ஊற விடுங்கள்.

அதைவிட முக்கியம் மைக்கோடு. கணுக்காலின் எலும்பு மேட்டில் அழியாத மையால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் நீர்மட்டம் அந்தக் கோட்டைத் தொடும்வரை மட்டும் அமிழ்த்த வேண்டும். வீக்கம் மொத்தமே ஒரு மி.லி.க்கும் குறைவு. காலை இரண்டு மி.மீ. கூடுதலாக அமிழ்த்தினாலே மருந்தின் பலன் காணாமல் போகும், அல்லது இல்லாத பலன் தோன்றும். எந்த எலிக்கு எது கொடுத்தது என்று தெரிந்தவர் அமிழ்த்தினால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும். கூண்டுச் சீட்டுகளை வேறொருவர் மறைத்துக் குறியிட வேண்டும்.

முதல் ஒன்றரை மணி நேர வீக்கத்தில் ஹிஸ்டமினும் செரடோனினும், மூன்றாம் மணிக்குப் பிறகு புரோஸ்டகிளாண்டினும் முன்னிற்கின்றன. மூன்றாம் மணி அளவை மட்டும் எடுத்துப் போட்டால் சாறு எந்தக் கட்டத்தில் வேலை செய்தது என்பதே தெரியாது.

வயிற்றறைக்குள் ஊசி

வாய்வழி பலன் வரவில்லை என்றதும் சாற்றை வயிற்றறைக்குள் ஏற்றுகிறார்கள், வீக்கம் குறைகிறது. பச்சைச் சாறு வயிற்றறையில் எரிச்சலைக் கிளப்பினால், அந்த எரிச்சலே தூரத்திலுள்ள காலின் வீக்கத்தை அடக்கும். ஓரிடத்து அழற்சி இன்னோரிடத்து அழற்சியைத் தணிப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். சாறு ஏற்றியதும் எலி வயிற்றை உள்ளிழுத்து நெளிகிறதா என்று பாருங்கள். நெளிந்தால் அந்த முடிவைத் தூக்கி எறியுங்கள். மக்கள் வாயால் குடிக்கும் குடிநீரை வாயால் கொடுத்துப் பார்ப்பதே முறை.

கசப்புச் சாறும் குடிநீர்ப் புட்டியும்

எல்-நேம் கொடுத்து ரத்தக் கொதிப்பு உண்டாக்கும் மாதிரியில் இது நடக்கிறது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 மி.கி. என்று கணக்கிட்டு அதைக் குடிநீரில் கலக்கிறார்கள். 250 கிராம் எலிக்கு நாளைக்கு 10 மி.கி. தேவை. அது 25 மி.லி. நீர் குடிக்கும் என்று வைத்து, மி.லி.க்கு 0.4 மி.கி. கலப்பார்கள். கணக்கு சரிதான். இப்போது அதே நீரில் நிலவேம்புச் சாற்றையும் கலந்துவிட்டால்? எலி முகம் திருப்பிக்கொள்கிறது. 15 மி.லி. மட்டும் குடிக்கிறது. உள்ளே போனது 6 மி.கி., கிலோவுக்கு 24. கொதிப்பு உண்டாக்கும் பொருளே பாதிக்குச் சற்று மேல்தான் போயிருக்கிறது, அழுத்தம் ஏறவில்லை. 'சாறு அழுத்தத்தைக் குறைத்தது' என்று எழுதுகிறார்கள்.

எல்-நேமைக் குழாய்வழி நேராக வயிற்றுக்குக் கொடுங்கள், சாற்றை வேறு நேரத்தில் தனியாகக் கொடுங்கள். நீரில்தான் கலக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கூண்டின் புட்டியையும் தினமும் நிறுத்து எழுதுங்கள். டோக்கா என்ற ஹார்மோனைக் கொடுத்து உப்புநீர் குடிக்கவைக்கும் மாதிரிக்கும் இதே எச்சரிக்கை. தீவனம் குறைந்து எடை இறங்கினாலும் அழுத்தம் இறங்கும் என்பதால், எடைப் பட்டியல் இல்லாத ரத்த அழுத்த முடிவை நம்புவதற்கில்லை.

வாலில் அழுத்தம் பார்ப்பது

பழக்கப்படுத்தாத எலியைக் குழலுக்குள் அடைத்தால் பயத்தில் அழுத்தம் ஏறும். மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் தினமும் குழலில் வைத்துப் பழக்குங்கள். வால் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால் ரத்தத் துடிப்பைக் கருவி பிடிக்காது. ஒரே அறை, ஒரே நேரம், ஒரே ஆள். முதல் சில அளவுகளை விட்டுவிட்டு, பிறகு வருவதைச் சராசரி எடுங்கள். சாறு எலியை மயக்கத்தில் ஆழ்த்தினாலும் அழுத்தம் குறைந்து காட்டும், எனவே இதயத் துடிப்பையும் நடமாட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் முடிவை வீக்கத்துக்குச் சான்றாக்குவது

ஆன்டிஆக்சிடன்ட் சோதனையில் போடும் ஊதா நிறப் பொருளான டி.பி.பி.எச். நிறம் மாறியது. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்துவிட்டுத் தண்ணீரோடு ஒப்பிடுவது

சாற்றைக் கரைக்கப் பயன்படும் திரவமான டி.எம்.எஸ்.ஓ.வே அழற்சியைத் தணிக்கும்.

துவர்ப்பை மறப்பது

ரத்த அழுத்தத்தை ஏற்றுவதில் பங்குள்ள ஏ.சி.இ. நொதியைச் சோதனைக் குழாயில் சாறு தடுக்கிறது என்று வரும் முடிவுகளில் பலவற்றுக்குக் காரணம் துவர்ப்புப் பொருளான டானின். கடுக்காய், மாதுளை ஓடு, மருதம்பட்டை எதுவானாலும் டானின் புரதத்தோடு ஒட்டி அதைப் படியவைக்கும். ஏ.சி.இ. மட்டுமல்ல, எந்த நொதியைப் போட்டாலும் தடுக்கும். சாற்றைப் பாலியமைடு வழியாக வடித்து டானினை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். தடுப்பு அப்படியே நின்றால் மேலே போகலாம்.

சாற்றை நரம்பு வழியே ஏற்றி அழுத்தம் சட்டென்று விழுவதைக் கொண்டாடுவதும் இந்த வகைதான். செடிச் சாம்பலில் பொட்டாசியம் ஏராளம். சாற்றின் பொட்டாசியத்தைத் தீப்பிழம்பு ஒளிமானியில் அளந்து, அதே அளவு பொட்டாசியம் குளோரைடை இன்னொரு குழு எலிக்கு ஏற்றிப் பாருங்கள்.

எட்டாத அளவு

எலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. சாறு என்றால் மனிதருக்கு அதை 6.2ஆல் வகுக்க வேண்டும், சுமார் 65 மி.கி. வரும். 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. நூறு கிராம் வேரிலிருந்து பத்து கிராம் சாறு கிடைக்கிறது என்றால் நாளைக்கு 39 கிராம் வேர். சமாளிக்கலாம். 2,000 மி.கி. அளவில்தான் பலன் தெரிகிறது என்றால் அது 190 கிராமைத் தாண்டும். யாரும் அவ்வளவு சாப்பிட மாட்டார்கள். சாறு எத்தனை சதவீதம் கிடைத்தது என்று எழுதாத ஆய்வில் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

ஒரே நாளில் பலன் தேடுவது

ரத்தக் கொதிப்பைக் குறைக்கும் வேரான சர்ப்பகந்தியைப் பற்றி 1931இலேயே சென், போஸ் இருவரும் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் வக்கீல் தம் நோயாளிகளின் விவரங்களை வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பின் பிரிக்கப்பட்டது. வாய்வழி ரிசர்பின் முழுப் பலனைக் காட்ட நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு வேளை கொடுத்து இரண்டு மணி நேரம் பார்த்து 'பலனில்லை' என்று முடித்திருந்தால் அந்த வேர் கைவிடப்பட்டிருக்கும். குறைந்தது நான்கு வாரம் கொடுங்கள்.

ஒரே ஒரு அளவை நம்பி நோயாளியைச் சேர்ப்பது

அன்று அழுத்தம் கூடியிருந்தவரைச் சேர்த்தால் அடுத்த முறை அது தானாகவே குறையும். இரண்டு மூன்று நாள்கள் தனித்தனியாக அளந்து பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் தொடங்காதீர்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே சொல்லாதீர்கள். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு நடந்திருக்க வேண்டும்.

வீக்கத்தைப் பார்த்து அழுத்தத்தை விடுவது

அதிமதுரம் அழற்சியைத் தணிக்கும். அதே அதிமதுரத்தின் கிளைசிரைசின் கார்டிசாலைச் சிதைக்கும் நொதியைச் சிறுநீரகத்தில் தடுத்து, உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றும். வீக்கத்துக்கான கூட்டு மருந்துகளில் அதிமதுரம் அடிக்கடி சேர்கிறது, அதைச் சாப்பிடுகிறவர்களில் கொதிப்பு உள்ள முதியவர்கள் அதிகம். வீக்க ஆய்வுதானே என்று அழுத்தக் கருவியை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எலியானாலும் ஆளானாலும் வாரம் ஒருமுறை அழுத்தத்தையும் ரத்தப் பொட்டாசியத்தையும் எடுத்து, வீக்க அளவு எழுதும் அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் எழுதி வாருங்கள்.